சகோதரி சுப்பலட்சுமி காட்டிய வழி

(யாழ்ப்பாணத்தில் மாதர் சங்கமொன்றின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



துணையிழந்த பெண்களின் வாழ்வை மீளக் கட்டியெழுப்புவது எவ்வாறு என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இப்பொருளை இரக்கத்தோடு பேசுதல் எளிது. கேட்போர் கண்கலங்கப் பேசுதலும் எளிது. ஆயின், நம்முடைய கண்ணீரால் அவர்களுடைய வீட்டில் அடுப்பு எரியப் போவதில்லை. ஆகவே, தம் துயரைத் தாமே கடந்து, தம்மைப் போன்ற பல நூறு பெண்களுக்கு வழி திறந்த ஒருவருடைய வரலாற்றை முதலில் எடுத்துரைத்து, அதனின்று நாம் கொள்ளத்தக்கன எவை என்பதைப் பின்னர் ஆராய விரும்புகிறேன்.

சென்னையிலே சகோதரி சுப்பலட்சுமி என மக்கள் அன்போடு அழைத்த அம்மையார், 1886 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 18 ஆம் நாள் மயிலாப்பூரிற் பிறந்தார். தந்தையார் ஆர். வி. சுப்பிரமணிய ஐயர், தாயார் விசாலாட்சி அம்மாள். அக்கால வழக்கப்படி ஏறத்தாழப் பதினொரு வயதில் அவருக்கு விவாகம் நடந்தது. கணவன் வீட்டு வாழ்க்கை தொடங்குமுன்னரே கணவன் இறந்துபோனான். விளையாட்டுப் பருவம் நீங்காத சிறுமி, ஒரே நாளில் விதவை என்னும் பெயரைப் பெற்றாள்.

அக்காலத்துப் பிராமணக் குடும்பங்களிலே இப்பெயருக்கு இருந்த பொருளை இன்றைய இளைஞர் அறிவது நன்று. பூவும் பொட்டும் பறிபோகும். பருவமெய்தியதும் தலைமுடி மழிக்கப்படும். ஒருவேளை உணவும் முரட்டுத் துணியும் விதிக்கப்படும். மங்கல காரியம் நடக்கும் வீட்டில் அவள் முகங்காட்டலாகாது. தெருவில் எதிர்ப்பட்டால் அபசகுனம் என்று ஆடவர் வீடு திரும்புவர். குற்றம் எதுவும் செய்யாத குழந்தைக்கு ஆயுள் முழுவதும் இத்தண்டனை! இதனை விதித்தோர் கொடியவர் அல்லர். பெற்ற தாயும் தந்தையுமே ஊருக்கு அஞ்சி இதனைச் செய்தார்கள் என்பதே இதிலுள்ள பெருங்கொடுமை.

சுப்பலட்சுமியின் பெற்றோர் ஊருக்கு அஞ்சவில்லை. மகளை மூலையில் இருத்தாது படிப்பிக்கத் துணிந்தனர். உற்றாரும் சுற்றாரும் ஏசினர். அவற்றைப் பொறுத்துக்கொண்டு, பிரசென்டேஷன் கன்னியாஸ்திரீகள் நடத்திய பாடசாலைக்கு அவரை அனுப்பினர். தாய்நாட்டையும் உறவினரையும் துறந்து வந்து அந்நிய தேசத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டிய அக்கன்னியரின் தொண்டு, அவருடைய உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தம் சமயத்தை விட்டு அவர் நீங்கவில்லை. அவர்களுடைய தொண்டு நெறியை மட்டும் தமதாக்கிக் கொண்டார். பின்னர் மாநிலக் கல்லூரியிற் பயின்று 1911 இல் பி. ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்திற் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என அவரைக் குறிப்பர்.

அன்பர்களே, தம் துயரைக் கடந்தவர் வரலாறுகள் பெரும்பாலும் இவ்விடத்தில் முடிந்துவிடும். பட்டம் பெற்றார், உத்தியோகம் பெற்றார், மதிப்பும் பெற்றார் எனச் சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுவோம். சுப்பலட்சுமியின் வரலாறோ இவ்விடத்திலேதான் தொடங்குகிறது.

1912 ஆம் ஆண்டில், எழும்பூரில் தம் குடும்பத்தார் வாழ்ந்த வீட்டிலேயே, நான்கு இளம் விதவைகளை வைத்து அவர் ஒரு விடுதியைத் தொடங்கினார். அவருடைய சிற்றன்னை வாலாம்பாள் அம்மாளும் இளமையில் விதவையானவர். அவ்வம்மையார் அப்பெண்களுக்குத் தாயாக இருந்து சமையலையும் வீட்டு நிருவாகத்தையும் ஏற்றுக்கொண்டார். கற்பித்தல் ஒருவர் பொறுப்பு. பேணுதல் மற்றவர் பொறுப்பு. பெருநிதியோ கட்டடமோ அங்கு இல்லை. ஒரு குடும்பம் தன் கதவைத் திறந்தது, அவ்வளவே.

அதன் பின் அவர் செய்ததே நாம் கூர்ந்து நோக்க வேண்டியது. அந்நாளிற் சென்னை மாகாணத்தில் இரண்டு குறைகள் அருகருகே கிடந்தன. பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் வைத்தாலும் அவற்றிற் கற்பிக்கப் பெண் ஆசிரியர் கிடைப்பதரிது. ஆண் ஆசிரியரிடம் பெண்களை அனுப்பப் பெற்றோர் இசையார். இது ஒரு குறை. வீடுகள் தோறும் இளம் விதவைகள் செய்வதற்கு ஒன்றுமின்றி வாழ்நாளைக் கழித்தனர். இது மற்றக் குறை. ஒன்றன் குறையை மற்றொன்றால் நிரப்பலாம் என்று அவர் கண்டார். விதவையை ஆசிரியையாக்கினால், அவளுக்கு ஊதியமும் மதிப்பும் கிடைக்கும். ஊர்ப் பெண்களுக்குக் கல்வியும் கிடைக்கும். பெண் பாடசாலைகளின் பரிசோதகராயிருந்த கிறிஸ்தீனா லிஞ்ச் என்னும் ஐரிஷ் மாது இக்கருத்தின் பயனை உணர்ந்து துணைநின்றார். அரசாங்கமும் விடுதிக்குப் பொருளுதவி செய்ய முன்வந்தது. இரக்கத்தினால் மட்டும் அது முன்வந்தது என எண்ணவேண்டா. ஆசிரியைகள் அதற்குத் தேவைப்பட்டார்கள்.

விடுதி வளர்ந்து, சில ஆண்டுகளில் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ‘ஐஸ் ஹவுஸ்’ என்னும் மாளிகைக்கு மாறிற்று. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842 இற் கட்டப்பட்ட கட்டடம் அது. 1897 இல் விவேகானந்த சுவாமிகள் தங்கியதும் அங்கேதான். ஊரார் முகத்தில் விழிக்கலாகாது என்று ஒதுக்கப்பட்ட பெண்கள், நகரத்தின் கண்முன்னே, கடற்காற்று வீசும் அம்மாளிகையிலிருந்து புத்தகத்தோடு புறப்பட்டுச் சென்றார்கள். அண்மையிலிருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் அவர் பாடசாலை ஏற்படுத்தினார். 1922 இல் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி நிறுவப்பட்டபோது அதன் முதல் அதிபரும் அவரே.

அவருடைய பணியிற் குறையே இல்லையா எனக் கேட்பீர்கள். உண்டு. அரசாங்க விடுதி பிராமண விதவைகளுக்கென்றே நடத்தப்பட்டது. ஆசாரங்கள் வழுவாமற் காக்கப்பட்டாலன்றிப் பெற்றோர் பெண்களை அனுப்பார் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்நியாயத்தை அக்காலச் சூழலில் வைத்துப் புரிந்துகொள்ளலாம், பின்பற்றுதல் ஆகாது. துயரத்துக்குச் சாதியில்லை. உதவிக்குச் சாதி வேலி இடுவோமானால், மிகுதியாகத் துன்புறுவோரே வேலிக்கு வெளியே நிற்பர். இதனை நம்மூரில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் ஓரிடத்தில் நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சாரதா மாதர் சங்கத்தின் ஆதரவிலே சாரதா வித்தியாலயம் தோன்றிற்று. அதனைப் பின்னர் இராமகிருஷ்ண மிஷன் ஏற்று நடத்திற்று. 1942 இல், இளமையிற் கல்வி வாய்க்காத முதிய பெண்களுக்காக மயிலாப்பூரில் ஸ்ரீ வித்தியா கலா நிலையத்தைத் தொடங்கினார். அரசாங்க சேவையில் இருந்தபடியால் அரசியல் மேடையேற இயலாதிருந்தும், சிறுவர் விவாகத்தை ஒழிக்க உழைத்தார். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என விவாக வயதின் எல்லையை வகுத்த சட்டம் 1929 இல் நிறைவேறிற்று. 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் அங்கம் வகித்தார். 1958 இல் இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ விருதளித்தது. 1969 இல், 83 ஆவது வயதில், இறைவனடி சேர்ந்தார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

வடக்கிலும் கிழக்கிலும் போரினாற் கணவரை இழந்த பெண்கள் ஏறத்தாழ 89,000 பேர், கிழக்கில் 49,000, வடக்கில் 40,000 என, 2010 ஆம் ஆண்டில் அன்றைய பிரதி அமைச்சர் ஒருவர் கூறினார். அவ்வாண்டில் இளந்தாய்மாராய் இருந்தவர் இன்று நடுவயதைக் கடந்துகொண்டிருக்கின்றனர். அவர்கள் தோளிற் சுமந்த பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். நம்மிடையே தலை மழித்தல் இல்லை. ஒருவேளை உணவு என்ற விதியும் இல்லை. ஆயினும், தன் மகளின் திருமணத்தில் மணவறைக்கு அருகே நிற்கத் தயங்கித் தூணோரம் ஒதுங்கும் தாயை நாம் காணாமலா இருக்கிறோம்? வேலை முடிந்து பொழுதுபட்டு வரும் பெண்ணைப் படலைக்குப் படலை நின்று பார்க்கும் கண்கள் இல்லையா? சட்டம் கைவிட்ட தண்டனையை ஊர் வாய் இன்னும் நிறைவேற்றிக் கொண்டிருக்கிறது.

அவர்களினும் இக்கட்டான நிலையில் இருப்போர், கணவர் காணாமற்போன பெண்கள். கணவன் இறந்தான் என்று ஒப்ப அவர்களுடைய மனம் இடந்தராது. இருக்கிறான் என்று காட்ட ஆளில்லை. காணாமற்போனோரின் மரணத்தைப் பதிவு செய்ய 2010 இல் விசேட சட்டம் வந்தது. அப்பத்திரத்தை வாங்குதல் தேடுதலைக் கைவிடுதலாகும் என்று பலர் மறுத்தனர். அம்மறுப்பு நியாயமானது. 2016 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழ் பெறாமலே, ஒருவர் காணாமற்போயுள்ளார் என்பதற்குச் சான்றிதழ் பெறும் வழி திறக்கப்பட்டது. தேடுதலைக் கைவிடாமலே குடும்பக் காரியங்களை நடத்த உதவும் வழி அது. இதனை அறியாத பெண்கள் இன்னும் கிராமங்களில் இருக்கின்றனர் என்றால், குறை அவர்களுடையதா, எழுத்தறிந்த நம்முடையதா?

காணியை எடுத்துக்கொள்ளுங்கள். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் சீதனக் காணியாயினும், கணவனின் எழுத்து மூல இசைவின்றி அதனைக் கைமாற்ற இயலாது என 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாகவுரிமைக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. கணவன் எங்கே என்று தெரியாதவள் யாரிடம் இசைவு கேட்பாள்? அத்தகைய நிலையில் மாவட்ட நீதிமன்றத்தை அணுகி அவ்விசைவுக்கு ஈடான கட்டளையைப் பெறலாம் என அதே சட்டத்தில் ஏற்பாடு உண்டு. ஆயின், நியாயவாதிக்குக் கொடுக்கப் பணமின்றியும், நீதிமன்றப் படியேற அஞ்சியும், அக்காணியைப் பற்றைக் காடாக விட்டிருப்போர் பலர். வன்னியிலே அனுமதிப்பத்திரக் காணிகளில் வாழ்வோரையும் நினையுங்கள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் உரிமை வழியில் மகனை மகளுக்கு முன்னே நிறுத்திற்று. 2022 இல் அது திருத்தப்பட்டது. திருத்தம் புத்தகத்தில் இருந்தாற் போதுமா? பிரதேச செயலக மேசைக்கு முன்னால் நிற்கும் பெண்ணுக்கு அதனை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டாமா?

அடுத்தது கடன். போர் முடிந்தபின் நுண்கடன் நிறுவனங்கள் கிராமங்களுக்கு வந்தன. ஈடு கேட்கவில்லை, பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றாற் போதும் என்றன. பணம் கையில் வந்தது. செய்யத் தொழில் வரவில்லை. கிழமைதோறும் தவணை கேட்க ஆள் வந்தது. ஒரு கடனை இறுக்க மற்றொரு கடன், அதனை இறுக்க இன்னொன்று என்று, தாலிக்கொடி தொடக்கம் கோழிக்கூடு வரை பறிபோனது. தவணை தவறினால் பிணை நின்ற அயலவளே பகையானாள். 2018 இல், வறட்சியுற்ற 12 மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற, 1,00,000 ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் தீர்மானிக்க நேர்ந்தது என்றால், நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்பதை ஊகித்துக் கொள்ளுங்கள்.

சுப்பலட்சுமி தம் மாணவிகளிடம் கடனைக் கொடுத்து அனுப்பினாரா? முதலில் பாதுகாப்பான இருப்பிடம், அடுத்துக் கல்வி, அதன்பின் தேவை நிச்சயமாயுள்ள ஒரு தொழில், கடைசியில் மாதந்தோறும் ஊதியம். இவ்வரிசையைத் தலைகீழாக்கி, முதலிற் பணத்தைக் கொடுத்துத் தொழிலை அவளே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டதுதான் நாம் கண்ட அழிவு. தரும சிந்தையுள்ளோரும் இத்தகைய பிழைக்கு உட்படுவதுண்டு. ஒரே குறிச்சியிற் பத்துப் பெண்களுக்குப் பத்துத் தையல் இயந்திரங்களைக் கொடுத்துப் படமும் பிடித்துக்கொண்டால், அக்குறிச்சியிற் சட்டை தைப்பிக்க வருவோர் பத்து மடங்காகப் பெருகிவிடுவார்களா? கொடுக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இவளிடம் வாங்குவோர் யார்?

அக்காலச் சென்னையில் இரண்டு குறைகள் அருகருகே கிடந்ததுபோல, நம்மிடையேயும் கிடக்கின்றன. பிள்ளைகள் யாவரும் கடல்கடந்து சென்றுவிட, பெரிய கல்வீடுகளிலே முதியோர் தனித்திருக்கின்றனர். மருந்து கொடுக்கவும், கைபிடித்து நடத்தவும், நோயின் குறியறிந்து வைத்தியரை அழைக்கவும் பயின்ற ஆள் கிடைப்பதில்லை. முதியோர் பராமரிப்பை முறையாகக் கற்பித்து, தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழும் பெறச் செய்து, வேலை நேரமும் ஊதியமும் எழுத்தில் வகுத்து, ஒரு சங்கத்தின் பொறுப்பிலே பெண்களை அனுப்பினால், வேலைக்காரி என்ற சொல் மறைந்து தாதி என்ற மதிப்பு உண்டாகும். முதியவர்க்குப் பேணலும் அவளுக்கு வாழ்வும் ஒருங்கே கிட்டும். இது இயலாத காரியமா?

இங்கு வந்திருக்கும் உத்தியோகத்தர்களுக்கு ஒரு விண்ணப்பம். நியாயவாதிகளும் நொத்தாரிசுகளும் மாதத்தில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். உறுதி, சான்றிதழ், நீதிமன்ற மனு ஆகியவற்றை அப்பெண்களுக்கு இலவசமாகச் செய்து கொடுங்கள். கணக்காளரும் வங்கி அலுவலரும், கடன் பத்திரத்தில் ஒருத்தி கையொப்பமிடுமுன் அதனை வாசித்து, ஆண்டு வட்டி உண்மையில் எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்லுங்கள். ஆசிரியர்கள், இடையிற் படிப்பை விட்டவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துங்கள். வைத்தியர்கள், உடல் நோயை விசாரிக்கும்போது உறக்கத்தையும் மனத்தையும் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். பணம் கேட்கவில்லை; நீங்கள் கற்ற கல்வியிற் சிறு பங்கைக் கேட்கிறேன்.

கமக்காரப் பெருமக்களே, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். சற்றுக் கசப்பாயினும் பொறுத்துக் கேளுங்கள். வெங்காயம் நடும் கையும் களை பிடுங்கும் கையும் பெரும்பாலும் பெண்ணின் கையே. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதிற் குறைந்த கூலி என்பது நம் தோட்டங்களின் நெடுங்கால வழக்கம். வீட்டில் உழைக்கும் ஆண் வேறுண்டு என்ற எண்ணத்தில் எழுந்த வழக்கம் அது. அவ்வாண் இல்லாத வீட்டுக்கும் அதே குறைந்த கூலியைக் கொடுத்துவிட்டுக் கோயில் வாசலிலே தருமம் செய்வதாற் பயன் என்ன? வேலை சமமாயிருக்குமிடத்தில் கூலியும் சமமாகட்டும். தரிசாகக் கிடக்கும் துண்டுக் காணியை நியாயமான குத்தகைக்கு அவர்களிடம் விடுங்கள். நாற்றை அவர்களுடைய நாற்றுமேடையிலே வாங்குங்கள். கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலே அவர்களுக்கும் ஓர் ஆசனம் வையுங்கள்; நீர் விடும் முறையும் விதை வரும் நாளும் அங்கேதானே தீர்மானிக்கப்படுகின்றன!

கடனுக்கு மாற்று வழி என்ன என்றும் கேட்பீர்கள். அது நமக்குப் புதியதன்று. சுப்பலட்சுமி பட்டம் பெற்ற அதே 1911 ஆம் ஆண்டில் இலங்கையிற் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் பிறந்தது. நம் முன்னோர் சல்லி சல்லியாய்ச் சேமித்து, தமக்குள்ளே கடன் கொடுத்து, கந்துவட்டிக்காரனின் கையினின்றும் தோட்டங்களை மீட்டனர். மூளாயிற் கூட்டுறவு முறையில் ஒரு மருத்துவமனையையே எழுப்பினர். சிக்கன கடனுதவிச் சங்கத்தில், கடன் கொடுப்பவளும் வாங்குபவளும் ஒரே ஊரார். வட்டியாய் வரும் பணம் ஊரிலேயே தங்கும். மழை பொய்த்தால் தவணையைத் தள்ளிவைக்கவும் கூட்டத்திலே தீர்மானிக்கலாம். துருப்பிடித்துக் கிடக்கும் இச்சங்கங்களுக்கு மீண்டும் உயிர்கொடுத்து, நிருவாக சபையிற் பெண்களை அமர்த்துவோமாக.

முடிக்குமுன் இன்னுமொன்று. அந்த விடுதியை நடத்தியவர்கள் வெளியிலிருந்து வந்த தயாளர் அல்லர். விதவையான பெறாமகளும் விதவையான சிற்றன்னையும் சேர்ந்து அதனை நடத்தினர். அங்கே படித்தவர்கள் ஆசிரியைகளாகி, மற்றப் பெண்களுக்குக் கற்பித்தனர். ஆகவே, இச்சங்கம் எடுக்கும் எந்த முயற்சியிலும், யாருக்காக அதனைச் செய்கிறோமோ அவர்களே முன்வரிசையில் இருக்கவேண்டும். கணக்குப் புத்தகம் அவர்கள் கையில் இருக்கட்டும். திறப்பும் அவர்கள் கையில் இருக்கட்டும். பதினைந்து ஆண்டுக்கு மேலாகத் தனியொருத்தியாய்க் குடும்பத்தைத் தாங்கியவளுக்கு நிருவாகம் தெரியாது என்று சொல்ல நம்மில் யாருக்குத் தகுதியுண்டு?

நான்கு பெண்களோடு ஒரு வீட்டிலே தொடங்கியது அவ்வம்மையாரின் பணி. நம்மூரிலும் நான்கு பெண்கள் இருக்கின்றனர். திறக்கக்கூடிய வீடுகளும் பல இருக்கின்றன. அடுத்த ஆண்டு நிறைவுக்கு நாம் கூடும்போது, எத்தனை பொதிகள் வழங்கினோம் என்ற கணக்கோடு, எத்தனை பேர் தம் சொந்த ஊதியத்தில் நிற்கின்றனர் என்ற கணக்கும் இம்மேடையில் வாசிக்கப்படவேண்டும் என்று கேட்டு, என் உரையை நிறைவு செய்கிறேன்.